லொறிக்கு வேகக் கட்டுப்பாடு, ஏற்றும் நேரத்துக்கு?

மாவனல்லையில் லொறி வைத்திருக்கும் நம்மவர்கள் இருவர் சந்தித்தால் வியாபாரம் பற்றிய விசாரிப்பு இப்போதெல்லாம் பிறகுதான். முதற்கேள்வி, ட்ரைவர் நிற்கிறாரா, போய்விட்டாரா என்பதாக இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறந்து விடப்படும் வரை லொறிதான் கிடைக்காத பொருளாக இருந்தது. இன்று லொறி நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. கை பழகிய சாரதி சவூதிக்கோ கட்டாருக்கோ போய்விடுகிறார். போகாதவர் முச்சக்கர வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு ஊரிலேயே இருந்துவிடுகிறார்.

ஏன் போகிறார்கள் என்று கேட்டால் சம்பளம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சாரதிகளிடம் ஆற அமரப் பேசிப் பார்த்தால் கதை அவ்வளவு சுருக்கமானதல்ல. கம்பனி வேலைக்குப் போகும் லொறிகளில் ஜி.பி.எஸ். கருவி பூட்டி, இத்தனை கிலோமீற்றருக்கு மேல் ஓடக் கூடாது என்று எல்லை வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். எல்லையை மீறினால் அலாரம் அடிக்கும், கம்பனி அலுவலகத்தில் பதிவாகும், முதலாளிக்கு அழைப்பு வரும், முதலாளி சாரதியை ஏசுவார்.

சாரதிகள் வேகத்துக்கு ஆசைப்பட்டு இதை எதிர்க்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பிள்ளை குட்டிக்காரர்கள், உயிரின் அருமை தெரிந்தவர்கள். எல்லை வேண்டாம் என்று சொல்பவர்களை விட, இந்த எல்லைக்குள் ஓடி அந்த நேரத்துக்கு எப்படி வந்து சேருவது என்று கேட்பவர்களே அதிகம். முன்னால் ஊர்ந்து போகும் முச்சக்கர வண்டியை முந்தும்போது வேகத்தைக் கூட்டாமல் பாதியில் நின்றால் எதிரே பஸ் வந்துவிடும் என்கிறார்கள். அதுவும் நியாயமான பேச்சுத்தான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுடைய நேரக் கணக்கு.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். கொழும்பிலிருந்து மாவனல்லைக்குச் சுமார் 90 கிலோமீற்றர். கடவத்தை, நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை என்று ஊருக்கு ஊர் சந்தை, பாடசாலை, மஞ்சள் கோடு. நகரப் பகுதியில் சட்டப்படியே 50க்கு மேல் போக முடியாது. சராசரியாக மணிக்கு 40 கிலோமீற்றர் ஓடினால் 2 மணி 15 நிமிடம். விரட்டி ஓட்டி 45ஆக்கினால் 2 மணி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதில் மிச்சம் 15 நிமிடம். ஆனால் அதே லொறி புறக்கோட்டையில் சரக்கு ஏற்றுவதற்காகக் காத்து நின்றது எத்தனை மணித்தியாலம்? ஒரு கடையில் பில் போடவில்லை, மற்றக் கடையில் நாட்டாமைமார் சாப்பிடப் போய்விட்டார்கள், மூன்றாவது கடைக்கு முன்னால் வேறு லொறி நிற்கிறது. பகலில் போன லொறி இருட்டிய பிறகு வெளியே வருகிறது. விடிந்து கடை திறக்கும்போது சாமான் இறங்கியிருக்க வேண்டும் என்பது நமது கட்டளை. இறக்கியதும் அடுத்த ஹயர் காத்திருக்கிறது. புறக்கோட்டையில் போன மூன்று மணித்தியாலத்தை சாரதி தன் தூக்கத்திலிருந்தும் கால் மிதியிலிருந்தும்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே லொறியின் வேகம் வரக்காப்பொலையில் தீர்மானமாவதில்லை, நான்காம் குறுக்குத் தெருவில் தீர்மானமாகிறது. ஜி.பி.எஸ். கருவிக்கு லொறி எங்கே நின்றது என்பது தெரியும். யாருக்காக நின்றது என்பது தெரியாது.

இதில் கூலி முறையும் சேருகிறது. நம்மவர்களில் அநேகர் சாரதிக்கு ட்ரிப் கணக்கில் கொடுக்கிறோம். ட்ரிப் குறைந்தால் காசு குறையும். காத்து நின்ற நேரத்துக்கு ஒரு சதமும் இல்லை. அதிவேகத்துக்குப் பொலிஸ் எழுதும் தண்டமும் அநேகமாக அவர் பையிலிருந்துதான் போகிறது. மெதுவாகப் போ என்று வாயால் சொல்லிவிட்டு, வேகமாகப் போனால்தான் காசு என்று கையால் காட்டுகிறோம். 2025 நவம்பரில் பஹல கடுகன்னாவையில் மண்மேடு சரிந்து உயிர்கள் பலியானபோதும், அதைத் தொடர்ந்து டிட்வா புயல் வந்தபோதும் கொழும்பு - கண்டி வீதி மூடப்பட்டது. சுற்றுவழியால் போன லொறிகளின் சாரதிகளுக்கு ட்ரிப் காசு கூட்டிக் கொடுக்கப்பட்டதா என்பதை அவரவர் கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

டீசல் விடயமும் இருக்கிறது. 2021 ஜூனில் லீற்றர் 111 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபாவானது. அந்த வருடம் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தவர்களும் சாரதிகள்தான். நமக்குப் பக்கத்து றம்புக்கணையில் 2022 ஏப்ரல் 19ஆம் திகதி எரிபொருளுக்காகக் கூடிய மக்கள் மீது சூடு விழுந்து ஓர் உயிர் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தக் காலம் முதல் ஒவ்வொரு லீற்றருக்கும் கணக்குக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. கேட்பது பிழையில்லை. ஆனால் டீசல் மிச்சம் பிடிப்பவருக்குச் சன்மானம் என்று அறிவித்துவிட்டு விட்டுவிட்டால், கண்டிப் பக்கம் போய்த் திரும்பும் லொறி கடுகன்னாவை இறக்கத்தில் நியூட்ரலில் இறங்கத் தொடங்கும். எஞ்சினின் பிடிமானம் போய் முழுப் பாரமும் பிரேக்கில் விழும், பிரேக் சூடேறினால் பிடிக்காது. அதில் டீசல் மிச்சமும் இல்லை. கியரில் இறங்கும்போது எக்சலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்கு டீசல் போவது அநேகமாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் குடித்துக்கொண்டிருக்கும். இதைச் சாரதிக்குச் சொல்லிக் கொடுக்கக் கம்பனி தேவையில்லை, முதலாளியே சொல்லலாம்.

அந்தக் காலத்தில் இதே வீதியில் கரத்தைக்காரர்கள் உதுவன்கந்தைச் சரதியேலுக்குப் பயந்து போனார்கள். அவன் 1864இல் தூக்கிலிடப்பட்டான். இன்று அதே மலையடியில் கண்ணயர லொறியை ஓரங்கட்டினால், ஏன் நின்றாய் என்று தொலைபேசி கேட்கிறது.

கம்பனி ஒப்பந்தத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும், என்ன சேட் உடுக்க வேண்டும் என்று சொல்வது கம்பனி. சேமலாப நிதி யார் கட்டுவது என்று கேட்டால் கம்பனி லொறிக்காரரைக் காட்டும். லொறிக்காரர், அவர் ட்ரிப் காசுக்கு ஓடுகிறவர்தானே என்பார். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம். ட்ரிப் காசுக்கு ஓடுகிறவர் என்பதால் இது இல்லாமல் போவதில்லை. 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளமான 30,000 ரூபாவுக்கு மட்டும் கணக்குப் பார்த்தாலே முதலாளி கட்ட வேண்டியது 4,500 ரூபா. ட்ரிப் காசும் சேர்ந்தால் கூடும். சிறு வியாபாரிக்கு இது சுமைதான், இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இருபது வருடம் ஓடியவர் முதுகு வலியோடு இறங்கும்போது கையில் ஒன்றும் இல்லாத தொழிலுக்குத் தன் மகனை அனுப்புவாரா? முன்பு கிளீனராக ஏறி ஸ்டியரிங் பிடிக்கப் பழகிய பையன்கள் இருந்தார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று பல லொறிகளில் கிளீனரையும் நிறுத்திவிட்டோம். அடுத்த சாரதி எங்கிருந்து வருவார்?

வெளிநாடுகளைப் பார்த்தால், ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக லொறி 90க்கு மேல் ஓடாதபடி கருவியே தடுக்கிறது. அதோடு நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வும் கட்டாயம். வேகத்துக்கு ஒரு சட்டம், ஓய்வுக்கு ஒரு சட்டம் என இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. தென் கொரியா இன்னும் ஒரு படி போய், கூலி குறைந்தால் சாரதி விரட்டி ஓட்டுவார், பாரம் கூட்டுவார் என்பதை ஏற்று, 2020இல் கண்டெய்னர், சீமெந்து லொறிகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தைச் சட்டமாக்கியது. அது மூன்று வருடச் சட்டம். முடியப் போகிறது என்றதும் 2022 நவம்பர் 24 முதல் 16 நாட்கள் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டட வேலைகள் சீமெந்து இல்லாமல் நின்றன. ஆனாலும் சட்டம் அவ்வருட முடிவில் காலாவதியானது. 2025இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவர வாக்களித்தது.

அப்படியொரு சட்டம் இங்கே வரும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ட்ரிப் காசின் ஒரு பங்கையாவது நாட்கூலியாக மாற்றலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காத்து நின்றால் மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைக்கலாம். பெரிய தொகையாக இருக்க வேண்டியதில்லை, ஏற்றுமிடத்தில் தாமதம் ஆனால் யாருடைய பணம் போகிறது என்பது தெரிந்தால் சரி. புறக்கோட்டைக் கடைகளுக்கு முந்திய நாளே ஓடரைக் கொடுத்து, சாமானைக் கட்டி வைத்த பிறகு லொறியை அனுப்பலாம். கைத்தொலைபேசி வந்து இத்தனை வருடமாகியும் லொறி போய் நின்ற பிறகு சீட்டு எழுதும் பழக்கம் நம்மிடம் போகவில்லை.

கம்பனிக்கு லொறி விட்டிருப்பவர்கள் ஒன்று செய்யலாம். லொறி வந்து சேர்ந்த நேரம், ஏற்றி முடித்த நேரம் இரண்டையும் களஞ்சியக்காரரின் கையொப்பத்தோடு பில்லின் பின்புறம் எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் சேர்த்தால் போதும். வேக மீறல் பட்டியலைக் கம்பனி மேசையில் வைக்கும்போது, நீங்கள் இந்தப் பில்களை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைக்கலாம்.