பொன்னாடைக்குப் பின் எஞ்சும் கணக்கு

ஒன்றிய அரசின் வரவுசெலவுக் கணக்குகளைப் பகுத்தாய்வதிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்த அலுவலர் ஒருவர், அறுபது வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாளில் விடைபெறுகிறார். பொன்னாடை போர்த்தப்படுகிறது. நேர்மை, உழைப்பு, பணிவு என்று பாராட்டுரைகள் நிகழ்கின்றன. அவை யாவும் உண்மையாக இருக்கலாம். ஆயினும் அவர் இத்தனை ஆண்டுகளாகச் செய்த பணி யாது என்பதை அவ்வுரைகள் தொடுவதேயில்லை.

நிதியமைச்சரின் உரையை நாடு கேட்கிறது; பகுப்பாய்வாளர் மானியக் கோரிக்கைகளைப் படிக்கிறார். பொதுக் கல்விக்கு 2202, மருத்துவம் மற்றும் பொதுச் சுகாதாரத்துக்கு 2210 எனத் தொடங்கி, ஆறு அடுக்குகளில் பதினைந்து இலக்கங்களாக விரியும் கணக்குத் தலைப்புகளே அவருடைய மொழி. மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு ஆகிய மூன்றுக்கும் இடையிலான தொலைவைக் கொண்டே ஓர் அரசின் வாக்குறுதியை அவர் அளக்கிறார்.

இதன் பயனுக்கு உணவு மானியமே சான்று. 2016-17 முதல் இந்திய உணவுக் கழகத்தின் மானியத் தேவையில் ஒரு பகுதி தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து பெற்ற கடனால் ஈடுசெய்யப்பட்டது. அக்கடன் நிதிப் பற்றாக்குறைக் கணக்கில் சேரவில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இவ்வழக்கத்தைச் சுட்டிக்காட்டியது. 2021 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டபோது, 2020-21ஆம் ஆண்டுக்கான உணவு மானியம் ரூ.1,15,570 கோடி என்ற மதிப்பீட்டிலிருந்து ரூ.4,22,618 கோடி என்ற திருத்திய மதிப்பீட்டுக்கு உயர்ந்தது. பெருந்தொற்றுக் கால இலவச தானியமும் பழைய கடனைத் தீர்த்ததும் அவ்வுயர்வில் கலந்திருந்தன. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர், அவ்வாண்டில் மட்டும் அரசு திடீரென வாரி வழங்கியதாக எழுதிவிடுவார்.

ஆவணங்கள் யாவும் இணையத்தில் கிடைக்கும்போது தனிமனிதரின் நினைவாற்றல் எதற்கு என்று கேட்கப்படலாம். எண்கள் கிடைக்கின்றன என்பது மெய்தான். அவற்றின் வரலாறு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. 2017-18இல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்னும் பாகுபாடு நீக்கப்பட்டது; ரயில்வே நிதிநிலை அறிக்கையும் பொது அறிக்கையோடு இணைக்கப்பட்டது. அந்த எல்லைக்கு இருபுறமும் உள்ள ஆண்டுகளை ஒரே வரைபடத்தில் இணைக்கும் ஆய்வாளர், எந்தத் தலைப்பு எங்கே இடம்பெயர்ந்தது என்று அறிந்திருக்க வேண்டும். ஒரு செலவு குறைக்கப்பட்டதா, வேறு தலைப்புக்கு மாற்றப்பட்டதா என்பதைப் பல வேளைகளில் அக்கோப்புகளைக் கையாண்டவரே உடனே சொல்லக்கூடும்.

இத்தகைய அறிவு நிர்வாகத்துக்குள் மட்டுமே தங்குவது மக்களாட்சிக்கு நல்லதன்று. 2018-19, 2023-24 ஆகிய ஆண்டுகளில் மக்களவை, மானியக் கோரிக்கைகள் அனைத்தையும் விவாதமின்றிக் கில்லட்டின் முறையில் நிறைவேற்றியது. துறைசார் நிலைக்குழுக்கள் கோரிக்கைகளை ஆராய்கின்றன. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பதுபோல, சட்டமன்றத்துக்கெனத் தனித்து இயங்கும் வரவுசெலவு ஆய்வு அலுவலகம் இந்திய நாடாளுமன்றத்துக்கு இல்லை. அப்படியொன்று அமையுமானால், ஓய்வுபெற்ற இவ்வலுவலர்களின் அனுபவத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

அதுவரை பல்கலைக்கழகங்கள் வாளாவிருக்க வேண்டியதில்லை. பொது நிதியியல் துறைகள் இவர்களை ஒரு பருவத்துக்கேனும் வகுப்பறைக்கு அழைக்கலாம். கணக்குத் தலைப்புகள் மாறிய காரணங்களை, அலுவல் இரகசியத்துக்கு ஊறின்றி, அவர்கள் வாய்மொழியாகப் பதிவுசெய்யலாம். அமைச்சகமும் ஒவ்வொரு வகைப்பாட்டு மாற்றத்துக்கும் பொதுமக்கள் படிக்கத்தக்க விளக்கக் குறிப்பு வெளியிடலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டா.

ஆட்சிகள் மாறினும் கூட்டல் தவறக்கூடாது என்பதே இப்பணியின் அறம். அவ்வறத்தோடு வாழ்ந்தவருக்குப் பொன்னாடை ஒருநாள் மரியாதை. அவர் அமைத்த அட்டவணையை அடுத்த தலைமுறை அடிக்குறிப்போடு சேர்த்துப் படிப்பதே நிலைத்த மரியாதை.