எரிமலை உச்சியும் அனுமதிச் சீட்டும்

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், கடல் கடந்து தொழில் புரிபவர், இந்தோனேசியாவிலுள்ள எரிமலையொன்றின் உச்சியில் நின்று எடுத்த நிழற்படத்தைச் சென்ற ஆண்டு எனக்கு அனுப்பியிருந்தார். அவர் முதுகுப்புறத்தே மலைவாய் வெண்புகை கக்கிக்கொண்டிருந்தது. "அனுமதிச் சீட்டுப் பெற்றே ஏறினோம், ஐயா, பயமில்லை" என்று கீழே எழுதியிருந்தார். அப்படத்தை வகுப்பிற் காட்டியது என் பிழை. அன்றுமுதல் எம் மாணவர் கண்ணுக்கு நம் நாட்டு மலைகளெல்லாம் சிறுத்துப் போயின. ஏறினால் எரிமலைதான் ஏறவேண்டுமாம்!

யட்டவத்தையில் வாழும் பயிற்றப்பட்ட தமிழாசிரியன் ஒருவன் எரிமலையைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகை தரலாம். இலங்கையில் எரிமலை இல்லை. எம்மூர் மேட்டில் நின்று கிழக்கே நோக்கின், மாத்தளைப் பள்ளத்தாக்கிற்கு அப்பால் தோன்றும் நக்கிள்ஸ் மலைத்தொடர், பூமியின் ஆழத்தே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறையால் ஆனது. அதன்மேற் படிவது முகிலேயன்றிப் புகையன்று. எனினும் அந்தப் 'பயமில்லை' என்னும் சொல் என்னை விட்டபாடில்லை. சொல்லைத் துருவிப் பார்ப்பதுதானே என் தொழில்!

யப்பான் நாட்டு ஒண்டாகே மலை 3,067 மீற்றர் உயரமுடையது. 2014 செப்ரெம்பர் 27, சனிக்கிழமை. இலையுதிர்கால வண்ணங் காண ஏறியோர் பலர் நண்பகலுக்குச் சற்று முன்னர் உச்சியில் உணவருந்தியிருந்தனர். அப்பொழுது மலை வெடித்தது. 58 பேர் இறந்தனர். ஐவர் உடல் கிடைத்திலது. நிலத்தடி நீர் கொதித்து ஆவியாகிப் பாறையைப் பிளந்தெழும் வகை வெடிப்பு அது. அத்தகையது பெரும்பாலும் முன்னறிவிப்புத் தருவதில்லை. அம்மாதம் பத்தாம், பதினோராம் நாள்களில் மலையடியிற் சிறு நடுக்கங்கள் மிகுந்தன. எனினும் அன்று நடைமுறையிலிருந்த எச்சரிக்கை நிலை ஒன்றேயாம். ஐந்து நிலைகளுள் தாழ்ந்த அதற்கு யப்பானியர் இட்டிருந்த விளக்கம் 'வழமை' என்பது. வழமை என்று படித்தவன் வேறென்ன எண்ணுவான்? 2015ஆம் ஆண்டில் அந்நாட்டு வானிலை நிலையம் அச்சொல்லை நீக்கி, 'இஃது உயிர்ப்புள்ள எரிமலை என்பதை நினைவிற் கொள்க' என்னும் பொருள்பட மாற்றியமைத்தது. ஒரு சொல்லுக்கு எத்துணை விலை!

சுமாத்திராவின் மராப்பி மலை இதனினும் கசப்பானது. அங்கே மலைவாயிலிருந்து மூன்று கிலோமீற்றருக்குள் எவரும் செல்லலாகாதென எரிமலை ஆய்வோர் விதித்திருந்தனர். ஆயினும் ஏறுவோர்க்குச் சீட்டு வழங்கப்பட்டே வந்தது. 2023 டிசெம்பர் 3ஆம் நாள் அம்மலை வெடித்தபொழுது எழுபதுக்கு மேற்பட்டோர் அதன்மேல் இருந்தனர். 24 பேர் மாண்டனர். ஆகவே, சீட்டைக் கொடுப்பவன் வேறு. மலையைக் கேட்டறிபவன் வேறு. ஏறுபவன் இரண்டாமவனிடம் உசாவுதல் வேண்டும். உச்சிக்கு இன்று எவ்வளவு அண்மையிற் செல்லலாம் என்பதை அன்றைய அறிக்கையிற் படித்தறியாமல் சீட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்திருப்பவன், எழுத்தறிவிருந்தும் எழுத்தறியாதவனே.

நம்மவர்க்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. நாம் மலையேறப் பழகியது சிவனொளிபாதமலையில். 2,243 மீற்றர் உயரமாயினும், பருவகாலத்தில் அங்கே படியுண்டு, விளக்குண்டு, தேநீர்க்கடையுண்டு, முன்னும் பின்னும் அடியார் கூட்டமுண்டு. இரவெல்லாம் ஏறி விடியலில் உச்சியை எய்தியே தீர்வது அங்குள்ள மரபு. அம்மரபை எரிமலைக்குச் சுமந்து செல்லலாகாது. எரிமலைச் சரிவு காலடியிற் பெயரும் சாம்பலும் பரலுமாம்; ஈரடி ஏறினால் ஓரடி சறுக்கும். கரியமிலவாயு காற்றினும் கனமானது, மணமற்றது, காற்றசையாத பள்ளங்களில் தேங்கி நின்று உயிர் கவரும். குளிர்காற்றுக்கு அஞ்சிப் பள்ளத்தில் ஒதுங்குபவன் தானே அதனிடம் செல்கின்றான். மழையோ படிந்த சாம்பலைச் சேற்றாறாக்கி இறக்கும். 2024 மே மாதம் மராப்பியின் அடிவாரத்தில் அவ்வாறு இறங்கிய சேறும் வெள்ளமும், மலை ஏறாது கீழே தம் பாட்டில் வாழ்ந்த மக்களுள் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றன. தலைக்கவசமும் மூக்குவாய் மூடியும் நல்ல சப்பாத்தும் வேண்டியனவே. ஒண்டாகேயில் இறந்தோர் பலர் வீழ்ந்த கற்களால் இறந்தோர். ஆயின் இவையனைத்தினும் கனங்குறைந்த ஒரு பொருளைத்தான் எவரும் கொண்டு செல்வதில்லை: திரும்பும் நேரம்.

இதனை நான் பிறர்க்கு உபதேசிக்கும் தகுதியோடு சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் பத்தொன்பதின்மரை நக்கிள்ஸ் மலைச்சாரலுக்கு அழைத்துச் சென்றேன். நண்பகல் கடந்ததும் மூடுபனி இறங்கிற்று. திரும்பியிருக்க வேண்டும். "இன்னும் கொஞ்சந்தான், ஐயா" என்றனர் பிள்ளைகள். அவர்கள்முன் அஞ்சியவனாகத் தோன்ற நாணி நடந்தேன். உச்சியில் ஒன்றும் தெரியவில்லை, அட்டைக்கடிதான் மிச்சம். பத்தொன்பதின்மர்க்கு இரண்டே கைவிளக்குகளுடன் இருளில் இறங்கினோம். ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிற்று. மாறி மாறிச் சுமந்தோம். அடிவாரத்திற் காத்திருந்த அவன் தாயார் என்னை ஒரு சொல்லும் ஏசினாரில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே பிள்ளைகளை மலைக்கே அனுப்பலாகாது என்னும் பெரியோர் சிலரின் கட்சியில் நான் சேரமாட்டேன். மலைநாட்டிற் பிறந்து மலையறியாது வளர்வதும் ஆபத்தே. 2025 நவம்பரில் தித்வாப் புயலின் மழைக்கு நம் மலைச்சரிவுகள் இடிந்தபொழுது, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என வந்த மண்சரிவு எச்சரிக்கைகளுக்குப் பொருள் தெரிந்த பிள்ளை ஒரு வீட்டிற்கு எத்துணைத் துணையென்று கண்டோம். மலையேற்றம் அப்படிப்புக்குரிய வகுப்பறையாகலாம். எரிமலை காண விரும்புவோரும் அப்படிப்பை முதலில் ஈங்கு முடித்துச் செல்லட்டும்.

விழாக்காலத்தில் கல்லூரிக்கு யாது தரலாமென வினவும் பழைய மாணவர்க்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. இன்னொரு கேடயம் வேண்டா. இருபது தலைக்கவசம், இருபது கைவிளக்கு, இருபது ஊதுகுழல் தாருங்கள். அடுத்த பயணத்திற்கு நான் குறித்துள்ள நேரம் பகல் பன்னிரண்டு. அந்நேரம் எங்கு நிற்கின்றோமோ அங்கிருந்தே திரும்புவோம். உச்சி நூறு யாருக்கு அப்பால் இருப்பினும் சரியே. பெற்றோர்க்கு விடுக்கும் கடிதத்திலும் அதனையே எழுதிவிட்டேன். பிள்ளைகள் முணுமுணுக்கின்றனர்.