எருமைக்கு எத்தனை மி.மீ.?

ஆப்பிரிக்கக் காட்டெருமையைச் சுட லைசென்ஸ், பணம் எல்லாம் இருந்தாலும் 'எந்த காலிபர்?' என்ற கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அங்கே பல நாடுகளில் எருமை, யானைக்கு .375 அங்குலம்தான் குறைந்தபட்சம். அதாவது ஒன்பதரை மி.மீ. லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912-ல் கொண்டுவந்த தோட்டா; இன்னும் ரிடையர் ஆகவில்லை.

டான்ஸானியா போகிற என் அமெரிக்க நண்பருக்கு .458 மேல் ஆசை. பெரிசுதான். ஆனால் சுடும்போது தோளில் ஒரு உதை கொடுக்கும் பாருங்கள், நாலு ரவுண்டு சுட்டதும் ட்ரிக்கரைத் தொட்டாலே கண் தானாக மூடிக்கொள்ளும். குறி தப்பி குண்டு வயிற்றில் பாயும். வயிற்றில் பட்ட எருமை உடனே சாகாது. புதருக்குள் போய்க் காத்திருக்கும். தேடிக்கொண்டு முதலில் உள்ளே போவது நண்பர் இல்லை, கூட வந்த கைடும் தடம் பார்க்கிற உள்ளூர் ஆளும். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு சார்!

'கரமோஜோ' பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டார் (பெருமைப்பட ஒன்றுமில்லை). பெரும்பாலும் வெறும் 7 மி.மீ. துப்பாக்கியால்! யானை மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தார் மனுஷன்.

''.375-ஐ வாங்கி மூணு மாசம் நின்றபடியே சுட்டுப் பழகுங்க. இல்லாட்டி கேமரா எடுத்துட்டுப் போங்க'' என்றேன்.

''எத்தனை மி.மீ. லென்ஸ்?'' என்கிறார்.