இருட்டுக்கு ஊட்டிய மருந்து

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையோரம், பட்டாசுக் கடைகளின் பலகைகளுக்கு நடுவே கண்காணிப்புக் கேமரா விற்பவர்களின் பலகைகளும் முளைத்துவிடுகின்றன. அவற்றில் 'எட்டு மெகாபிக்சல்' என்பது ஆளுயர எழுத்தில் நிற்கிறது, 'வெளிச்சம்' என்ற சொல்லோ எந்த மூலையிலும் இல்லை. இவ்வாரப் பத்திக்குக் காரணமான சினம் இதுதான். ஆடிப்பெருக்கன்று பூசை போட்டுத் தொடங்கிய பட்டாசு வியாபாரத்தில் சேர்ந்த பணத்தை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள், களவுக்கு அஞ்சிக் கேமரா வாங்குகின்றன. வாங்கிய பின் இரவுப் பதிவை ஓட்டிப் பார்த்தால், வாசலில் நின்றவர் வெள்ளை அடித்த மண்பானை போலத் தெரிகிறார்.

மெகாபிக்சல் என்பது கேமராவின் உணரி, அதாவது ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சிலிக்கான் சில்லு, எத்தனை பத்து லட்சம் கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு மட்டுமே. ஒரே அளவுள்ள சில்லை 20 லட்சம் கட்டங்களாகப் பகுப்பதற்குப் பதில் 80 லட்சம் கட்டங்களாகப் பகுத்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. பகலில் அந்தக் குறைவு தெரிவதில்லை. இரவில் அதை ஈடுகட்டக் கேமரா இரண்டு வேலைகளைச் செய்கிறது. கிடைத்த மின்குறிப்பைப் பெருக்குகிறது, அதனால் படம் முழுவதும் புள்ளிகள் கொதிக்கின்றன. ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒளி விழும் நேரத்தை நீட்டுகிறது, அதனால் அசைகின்ற எதுவும் இழுபடுகிறது. நொடிக்கு ஒன்றரை மீட்டர் நடக்கும் ஒருவர், நொடியின் 25-இல் ஒரு பங்கு நேரத்தில் 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். அந்த 6 சென்டிமீட்டருக்குள் கண்ணும் மூக்கும் வாயும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இருட்டு மிகும்போது கேமரா தன் முகத்தைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றிக்கொள்கிறது. அகச்சிவப்பு என்பது மனிதக் கண்ணுக்கு எட்டாத, ஆனால் சிலிக்கானுக்கு எட்டுகிற ஒளி. 850 நானோமீட்டர் விளக்குகள் மங்கிய சிவப்பாக மின்னும், 940 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்கே தெரியா. அந்த ஒளியில் நிறம் கிடையாது என்பதால் படம் கறுப்பு வெள்ளையாகிறது. கறுப்புச் சாயமேற்றிய சட்டை பல வேளைகளில் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பி வெளுத்துத் தெரிகிறது, ஆகவே இரவுப் பதிவைப் பார்த்துச் சட்டையின் நிறம் சொல்பவரை நம்புவது ஆபத்து. தொலைவு இரு மடங்கானால் ஒளி கால் பங்காகும் என்ற விதியும் இங்கே வேலை செய்கிறது: 3 மீட்டரில் நிற்பவர் வெந்து வெளுக்கும்போது 12 மீட்டரில் உள்ள கேட் அதில் பதினாறில் ஒரு பங்கு ஒளியையே பெறுகிறது.

கரிசல் காட்டுக்கு என்று தனித் தொல்லைகளும் உண்டு. கோடையில் பறக்கும் மண் தூசி கேமராவின் வளைந்த மூடியில் படிந்து, விளக்கின் ஒளியை வெளியே போகவிடாமல் லென்சுக்கே திருப்புகிறது. விளக்கைத் தேடி வரும் பூச்சிக்காகச் சிலந்தி வலை பின்னுகிறது, அந்த வலையின் ஒரு நூல் லென்சருகே வெள்ளைக் கயிறாக எரிகிறது. சுண்ணாம்படித்த சுவரை ஒட்டிப் பொருத்தினால் சுவர் ஒளியைத் திருப்பிக் கேமராவைக் கூசவைத்து வாசலை இருட்டாக்குகிறது. ஆகவே வாரம் ஒருமுறை மென்துணியால் மூடியைத் துடைப்பதும், சுவரும் கூரைச் சரிவும் சட்டகத்துக்குள் வராதபடி திருப்புவதும், கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு நான்கைந்து அடி தள்ளித் தனி விளக்கு வைப்பதும், வாசலில் ஒரு சாதாரண எல்இடி பல்பை இரவு முழுக்க எரியவிடுவதும், எட்டு மெகாபிக்சலைவிட அதிகம் பயன் தருபவை. முகத்தை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது ஐரோப்பியத் தர ஏடுகளில் நெடுங்காலம் சொல்லப்பட்ட அளவு. 1920 பிக்சல் அகலமுள்ள சாதாரணக் கேமரா ஏழரை மீட்டர் அகலமான வாசலுக்கு அதைத் தந்துவிடும், போதிய ஒளி இருந்தால்.

போதிய ஒளி என்று வந்த பிறகு இப்பத்தி கேமராவோடு நிற்க முடியாது. இரவில் படமெடுக்க மனிதர் முதலில் நாடிய ஒளிகளில் ஒன்று சிவகாசிக்காரர்களுக்கு அன்னியமானதன்று. 1857-இல் இங்கிலாந்தில் ஜான் மூல் என்பவர் 'போட்டோஜென்' என்ற பெயரில் காப்புரிமை பெற்ற எரிமருந்தில் இருந்தவை வெடியுப்பு, கந்தகம், அஞ்சனக்கல் ஆகியவை. மத்தாப்பு வகையைச் சேர்ந்த அந்தக் கலவையின் வெளிச்சத்தில் இரவிலே உருவப்படம் எடுக்கப்பட்டது. 1887-இல் ஜெர்மனியில் அடால்ப் மீத்தேயும் யோகன்னஸ் கேடிக்கேயும் மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டும் அஞ்சனக்கல்லும் கலந்து மின்னல் பொடியை உருவாக்கினர். ஒரு கணத்தில் எரிந்து தீரும் அந்த வெளிச்சத்தில் அசைகின்ற மனிதனும் இழுபடாமல் பதிந்தான். இன்றைய கேமரா 25-இல் ஒரு பங்கு நொடியில் தடுமாறுகிற சிக்கலை அந்தப் பொடி அன்றே தீர்த்திருந்தது. சிவகாசியின் வெள்ளை ஒளிக்கு மக்னீசியத்தின் இடத்தில் அலுமினியப் பொடி, கொள்கை அதுவே.

ஜேக்கப் ரீஸின் 'மறுபாதி எப்படி வாழ்கிறது' என்ற 1890-ஆம் ஆண்டு நூலைப் பற்றி இப்பத்தியில் முன்பே பலமுறை பேசப்பட்டிருந்தாலும், மீண்டும் அதனிடம் போக வேண்டியிருக்கிறது. டென்மார்க்கில் பிறந்து நியூயார்க்கில் காவல்துறைச் செய்தியாளராக இருந்த ரீஸ், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகைக் குடியிருப்புகளின் இருட்டறைகளை மின்னல் பொடியின் துணையால் படமெடுத்தார். எழுத்தால் நம்பவைக்க முடியாத அவலத்தை அந்தப் படங்கள் நம்பவைத்தன. அந்நூலில் பலரும் படங்களை மட்டும் புரட்டிவிட்டுத் தவறவிடும் ஒரு பகுதி உண்டு. ஒரு பரண் அறையில் பார்வையற்ற பிச்சைக்காரர் ஐவரை அவர் படமெடுத்தபோது, பொடியின் தீ சுவரில் தொங்கிய காகிதத்திலும் கந்தலிலும் பற்றிக்கொண்டது. அறையில் இருந்த ஆறு பேரில் தீயைக் கண்டவர் அவர் ஒருவரே. மற்ற ஐவருக்கும் தங்களைச் சூழ்ந்த ஆபத்து தெரியவில்லை, தெருவுக்கு இறங்குவதற்கோ ஆடிக்கொண்டிருக்கும் கோணல் படிக்கட்டுதான். அவர் தனியாகப் போராடித் தீயை அடக்கினார். உலகுக்கு அவர்களைக் காட்டுவதற்காக ஏற்றிய வெளிச்சமே அவர்களை எரித்துவிடப் பார்த்தது என்பதை மறைக்காமல் எழுதியதற்காகவே அந்த நூல் இப்பத்தியாளரின் மேசையை விட்டு அகல்வதில்லை.

ஏற்றும் வெளிச்சமே எரிக்க வரும் அந்த ஆபத்து சிவகாசிக்கும் உண்டு. பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, மறு ஆண்டு சிவகாசியில் அதைத் தொடங்கினர். தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்புத் தீக்குச்சிக்கும், அதிலிருந்து பட்டாசுக்கும் தொழில் வளர்ந்தது. ஒரு நூற்றாண்டாக நாட்டின் இரவுகளுக்கு வெளிச்சம் அனுப்பும் இவ்வூர்களில், அந்த வெளிச்சத்தைக் கலப்பவர்கள் பெரும்பாலும் மின்விளக்கு இல்லாத சிற்றறைகளில் பகல் ஒளியிலேயே வேலை செய்கிறார்கள், ஏனெனில் ஒரு சுவிட்சின் பொறியே அங்கே வெடிப்புக்குப் போதுமானது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்ததும் பட்டப்பகலில்தான். அவர்களில் பலர் தீயைக் கண்டு உதவிக்கு ஓடிவந்தவர்கள்.

இரவில் நடப்பதோ எவர் கண்ணிலும் படுவதில்லை. அன்றைய வேலைக்குக் கலந்த மருந்து மீந்து, அறையிலேயே வைத்துப் பூட்டப்படும்போது, காற்றின் ஈரம் அதற்குள் புகுகிறது. ஈரத்தில் அலுமினியப் பொடி நைட்ரேட்டோடு, வெடியுப்பாயினும் தொழிலாளர் பச்சை உப்பு என்றழைக்கும் பேரியம் நைட்ரேட்டாயினும், மெல்ல வினைபுரிந்து அம்மோனியாவையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. அந்த வெப்பம் வினையை விரைவாக்க, விரைந்த வினை மேலும் வெப்பம் தருகிறது. இதைத் தணிக்கவே கலவையில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் வந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியும் தீபாவளிக்கான கடைசி நேர உற்பத்தியும் ஒன்றாக வருவது இத்தொழிலின் பெருந்துயரம்: ஈரம் மிகுந்த வாரங்களிலேயே மருந்தும் மிகுதியாகக் கலக்கப்படுகிறது.

இந்த வெப்பத்தைக் காணவல்ல கேமரா இருக்கிறது. வெப்பப்படக் கேமரா என்பது 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைகளை, பொருள்கள் தம் சூட்டினால் தாமே வெளியிடும் அலைகளை, ஜெர்மேனிய லென்ஸ் வழியாகப் பெறுவது. அதற்கு விளக்கே வேண்டியதில்லை. ஆனால் அந்த அலைகள் சன்னல் கண்ணாடியையே ஊடுருவா, சுவரை எங்கே ஊடுருவும்? கலவை அறைக்குள் மின்கம்பி இழுக்கக் கூடாது என்பதால் கருவி வெளியே தொலைவில்தான் நிற்க வேண்டும், அங்கிருந்து அதற்குத் தெரிவது பூட்டிய கதவின் சூடு மட்டுமே. கதவு சூடேறித் தெரியும் நேரத்தில் உள்ளே வினை முற்றியிருக்கும். அந்தக் கேமராவுக்கான கம்பத்துக்குக் குழி தோண்டும் முன், அன்றைக்கு வேண்டிய அளவே காலையில் மருந்து கலக்கப்பட்டதா, மாலையில் அறை வெறுமையாகப் பூட்டப்படுகிறதா என்று, போர்மேன் தராசோடும் கணக்கேட்டோடும் கலவை அறையின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.