புட்டி மட்டும் போதுமா?

ஓசூர் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு உடம்புக்கு வந்தால், உள்ளூர் அரசு ஆஸ்பத்திரி உண்டு. 2022-ல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. கொரோனாவுக்குப் பின் ஆஸ்பத்திரி என்றாலே கையில் தேய்க்கும் மருந்துப் புட்டிதான் கண்ணில் படுகிறது. நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதுமா?

போதாது! 'டிபிசில்' என்றொரு குடல் கிருமி. ஆண்டிபயாடிக் மருந்து வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும்போது இது தலைதூக்கும். கடும் பேதி காணும். பேதியோடு வெளிவரும் இதன் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாவதில்லை. சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கழுவினால்தான் கையை விட்டு அகலும். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் குளோரின் கரைசல் வேண்டும்.

கை கழுவும் பாடம் புதிதல்ல. 1847-ல் வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ், பிரசவ வார்டு டாக்டர்களைக் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். தாய்மார் சாவு வெகுவாகக் குறைந்தது.

நம் ஊரில் நோயாளியின் மலச்சட்டியை எடுப்பவர் யார்? பெரும்பாலும் உடனிருக்கும் தாயோ மனைவியோதான். அதே கையால்தான் கஞ்சியும் ஊட்டுகிறார். டாக்டருக்கும் நர்சுக்கும் கை கழுவச் சொல்லித் தருகிறோம். இந்தத் தாய்க்கு யார் சொல்லித் தருவது? வார்டுக்கு வார்டு அவருக்கென ஒரு குழாயும், ஒரு சோப்புக் கட்டியும் வையுங்கள். சொல்லியும் கொடுங்கள். பேதி பரவாது தடுக்கும் முதல் மருந்து அதுவே!