பூச்சில் நிற்காத ஆணி

போன மாதம் கோலா கங்சாரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் கதவோரம் இணையக் கேபிள் சுவரை விட்டுத் தொங்கிக் கொண்டிருந்தது. முதல் நாள் அம்மாவின் கால் அதில் மாட்டி, நாற்காலியைப் பிடித்துத் தப்பித்திருக்கிறார். "கிளிப்பு நிக்கவே மாட்டேங்குது. அடிச்சா விழுது, அடிச்சா விழுது" என்றார்.

சுத்தியலை எடுத்தேன். கதவுக்கு மேலே அடித்த முதல் ஆணி வளைந்தது. பக்கத்தில் அடித்தது சுலபமாக உள்ளே போய், 50 சென் காசு அளவுக்குப் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தது.

தோட்டத்து வீடுகளில் பலகைச் சுவர். மரத்தின் நார் ஆணியைக் கவ்விக்கொள்ளும். தாமானுக்குக் குடிவந்த பிறகும் நம் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. இதே ஊரில் இருக்கும் இஸ்தானா கெனாஙானை 1926இல் ஓர் ஆணிகூட இல்லாமல் மரத்தாலும் மூங்கிலாலும் கட்டினார்கள் என்பார்கள். எனக்கோ ஒரு கிளிப்பு நிற்கவில்லை!

பக்கத்து வீட்டுப் பெரியவர் முன்பு வயர்மேனாக இருந்தவர். சத்தம் கேட்டு வந்துவிட்டார். "நீங்க செங்கல்லைத் தொடவே இல்லையே, தம்பி" என்றார்.

செங்கல்லுக்கு மேலே சிமெண்டுப் பூச்சு சுமார் 15 முதல் 20 மில்லிமீட்டர் கனம் இருக்கும். சின்னக் கிளிப்பின் ஆணியும் ஏறக்குறைய அந்த நீளம்தான். அதிலும் கிளிப்பின் கனம் போக, மிச்சம் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மணலும் சிமெண்டும் அதிர்ந்தால் உதிரும். கதவுக்கு மேலே இருப்பதோ கான்கிரீட் உத்திரம். அங்கே ஆணிதான் வளையும்.

அவர் டிரில்லைக் கொண்டுவந்தார். சுவருக்கான 6 மில்லிமீட்டர் பிட்டால் 40 மில்லிமீட்டர் ஆழம். துளையிலிருந்த தூளை ஊதி வெளியேற்றினார் (நான் குனிந்து பார்த்ததால் பாதி என் கண்ணில்). பிளாஸ்டிக் பிளக்கைப் பூச்சைத் தாண்டும்வரை தட்டி இறக்கி, திருகாணி போடும் கிளிப்பை வைத்து முடுக்கினார். திருகாணி ஏற ஏற பிளக் விரிந்து செங்கல்லை நெருக்கும். பிடிப்பு அதில்தான்.

சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளையிடக் கூடாதாம். உள்ளே மின்கம்பி அந்த வழியாகத்தான் போகும். ஒளியிழைக் கேபிளை இறுக்கி நசுக்கவோ மூலையில் மடக்கவோ கூடாது. மின்சார வயர் என்றால் பதிவுபெற்ற வயர்மேனைத்தான் கூப்பிட வேண்டும்.

எட்டுக் கிளிப்புக்கு ஒரு மணி நேரம் ஆனது. அம்மா கேபிளை இழுத்துப் பார்த்தார். திருப்தியில்லாமல் என்னையும் இழுக்கச் சொன்னார். அசையவில்லை. நான் பெயர்த்த பூச்சை அடைக்கத்தான் அடுத்த மாதம் திரும்பப் போகிறேன்.