மலையிறங்கும் ஜீப்பும் தேய்ந்த காலிப்பரும்: சிக்கனம் யாருடையது, ஆபத்து யாருக்கு?

தன் வண்டியைத் தானே பழுதுபார்த்துக்கொள்பவருக்குக் கேரள எல்லைப்புறத் தமிழ் ஊர்களில் தனி மதிப்பு உண்டு. இடுக்கியின் பூப்பாறை, சாந்தன்பாறை, குமுளி வட்டாரங்களில் ஜீப் ஓட்டுநர் என்றால் பாதி மெக்கானிக் என்பதே பொது எதிர்பார்ப்பு. பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும் டிராக்டரையும் பிக்கப்பையும் முற்றத்திலேயே கழற்றி மாட்டும் விவசாயிகள் உண்டு. இந்தத் தற்சார்பு போற்றத்தக்கது. ஆயினும் தேய்ந்த பிரேக் காலிப்பரைப் புதுப்பிக்கும் வேலை இதில் அடங்காது. அது தேர்ந்த பட்டறையிடம் ஒப்படைக்கப்பட வேண்டியது. அதற்கான செலவை யார் ஏற்பது என்பதும் உடன் பேசப்பட வேண்டியது.

பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. பொலேரோ போன்ற பிற்கால வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிப்பது காலிப்பர். மிதியை அழுத்தினால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது சுருள்வில் அன்று, அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல். அழுத்தத்தில் வளைந்த சீல் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனும் உடன் திரும்புகிறது. அந்த நகர்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சீல் அமரும் பள்ளத்தில் துரு சேர்ந்தாலோ, பிஸ்டனின் குரோமியப் பூச்சு பொரிந்தாலோ அந்த நுண்ணிய நகர்வு நின்றுபோகிறது. பேட் டிஸ்க்கை ஓயாமல் உரசிச் சூடேறும். அல்லது ஒரு சக்கரம் பிடித்து மறு சக்கரம் பிடிக்காமல் வண்டி ஒருபுறம் இழுக்கும். இடுக்கியின் நீண்ட மழைக்காலம் இத்தகைய துருவுக்கு ஏற்ற சூழல்.

வீட்டு முற்றத்தில் நிகழும் தவறுகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில் நிகழ்பவையே. பிஸ்டனை உப்புத்தாளால் தேய்த்தால் அது பளபளக்கும். ஆனால் பூச்சு போய்விடும். மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவினால் அழுக்கு நீங்கும்; ஆனால் பிரேக் ஆயிலுக்கென உருவாக்கப்பட்ட ரப்பர் அந்த எண்ணெய்களில் ஊறி உப்பிவிடும். இவ்விரு பிழைகளும் மாட்டி முடித்த அன்று வெளித்தெரிவதில்லை. வாசலில் மிதித்துப் பார்த்தால் பிரேக் பிடிக்கும். ஓட்டுநர் நிறைவோடு புறப்படுவார்.

உண்மையான சோதனை மலையிறக்கத்தில்தான் நடக்கிறது. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். ஆட்களோடு 2,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளியிடும் ஆற்றல், ஏறத்தாழ 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் ஒரு பகுதியை எஞ்சின் ஏற்கும். மிஞ்சியதில் பெரும்பகுதியைப் பிரேக்கே வெப்பமாக வாங்கிக்கொள்கிறது. டாட் 3 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவரையறை. அது காற்றிலிருந்து ஈரத்தை ஈர்ப்பதால், ஈரமேறிய நிலைக்கு அதே தரம் 140 டிகிரியைத்தான் கோருகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அழுத்தத்துக்குச் சுருங்கும் இயல்புடையது. ஆகவே மிதி தரைவரை இறங்கியும் பிரேக் பிடிக்காது. முற்றத்தில் மறைந்திருந்த பிழை பத்தாவது வளைவில் வெளிப்படுகிறது.

தானே செய்துகொள்ளத்தக்க வேலைக்கும் தகாத வேலைக்கும் எல்லை இங்கேதான் இருக்கிறது. செய்தவரே உடனுக்குடன் சோதித்தறியக்கூடிய வேலையில் தற்சார்பு நன்று. விளக்கு எரியவில்லையெனில் அக்கணமே தெரிந்துவிடும். காலிப்பரின் நிலையை அழுத்தச் சோதனைக் கருவியும், தேய்மானம் அளக்கும் கருவியும், நூற்றுக்கணக்கான காலிப்பர்களைப் பிரித்துப் பழகிய கையும் சேர்ந்தே சொல்ல முடியும்.

அரசுச் சோதனையும் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வாடகை வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் அது சோதனை நாளின் நிலையை மட்டுமே காட்டும். தனியார் வாகனத்துக்கோ முதற்பதிவே 15 ஆண்டுகளுக்குச் செல்லும்.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுபவை அற்பமானவை அல்ல. மலையூரிலிருந்து நல்ல பட்டறைக்குச் செல்ல ஒரு நாள் கூலி போகும். பட்டறைக்காரர் பழைய சீலையே துடைத்து மாட்டி, புதியதற்குப் பணம் வாங்கிவிடுவார் என்ற ஐயமும் உண்டு. ஆதலால் தொழில்முறைப் பணி என்பது பெயர்ப்பலகையால் தீர்மானிக்கப்படுவதன்று. கழற்றிய சீலையும் பிஸ்டனையும் உரியவரிடம் காட்டுவது, புதிய கிட்டை அவர் கண்முன் பிரிப்பது, இருபுறக் காலிப்பர்களையும் சேர்த்தே பார்ப்பது, அழுத்தச் சோதனை செய்து ரசீதில் எழுதித் தருவது ஆகியவையே அதன் அடையாளங்கள். பள்ளம் அரித்துப்போன காலிப்பரைப் புதுப்பிக்க மறுத்துத் திருப்பி அனுப்புபவரே நம்பத்தக்கவர்.

செலவு பற்றிய மறுப்புக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகளில் போய்வருவோரில் பெண் தொழிலாளர்கள் மிகுதி. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டின் தலப்புழா அருகே தேயிலைத் தொழிலாளர்களின் ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து 9 பெண்கள் இறந்தனர். அவ்விபத்தின் காரணம் எதுவாயினும், தோட்டத்து ஜீப்பின் பின்னிருக்கையில் இருப்பவர்கள் யார் என்பதை அது நாட்டுக்குக் காட்டியது. வண்டி எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பதில் அவர்களுக்குச் சொல்லுரிமை இல்லை.

தோட்ட உரிமையாளருக்கு ஆட்கள் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று வண்டிக்கூலி பேசப்படுகிறது. பராமரிப்பு அந்தப் பேச்சில் வருவதே இல்லை. விளைவாக ஓட்டுநர் உப்புத்தாளை எடுக்கிறார். அதைத் தற்சார்பு என்று பாராட்டுவது, ஒருவர் மிச்சப்படுத்தும் பணத்துக்கு வேறொருவர் உயிர்ப்பிணை நிற்பதை மறைப்பதாகும். தோட்டத் தொழிலாளரின் கூலியையும் குடியிருப்பையும் ஆராயும் மாணவர்கள், அவர்கள் ஏறிச் செல்லும் வண்டியின் பிரேக் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும். அது தோட்டத்தின் கணக்கில் ஏறும் நாளில், ஓட்டுநரைப் பட்டறைக்குப் போகச் சொல்லி எவரும் அறிவுரை கூற வேண்டியிராது.